ஓடாத வரிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? - லினக்ஸ் நெட்வொர்க் கோடில் கமென்ட் திருத்துவது எப்படி?

விருத்தாசலம்னு சொன்னா பலருக்கும் ரயில்வே ஜங்ஷன் ஞாபகம் வரும். சிலருக்கு விருத்தகிரீஸ்வரர் கோயில், சிலருக்கு முந்திரி. எனக்கு பீங்கான்தான் ஞாபகம் வரும். சித்தப்பா அங்கே ஒரு செராமிக் யூனிட்டில் பல வருஷம் சூளை பார்த்தவர். கரன்ட் கம்பத்து இன்சுலேட்டர், வீட்டு ஃப்யூஸ் கேரியர், கொலு பொம்மை, டீ கப் என்று அந்த ஊர் களிமண்ணில் செய்யாத பொருள் குறைவு. பீங்கான் தொழில்நுட்பம் படிக்கவே அங்கே ஓர் அரசு டிப்ளமோ கல்லூரி இருக்கிறது.

போன மாசம் அங்கே போயிருந்தபோது, சித்தப்பா பொண்ணு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்தா. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிறா.

"அக்கா, நீ பத்திரிகையில இருக்கல்ல... இந்த இங்கிலீஷ் சரியா பாரேன்."

ஸ்கிரீனில் இருந்தது லீவ் லெட்டர் இல்லை. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நெட்வொர்க் பகுதி சோர்ஸ் கோடு. அதில் ஒரு கமென்ட் தப்பா இருக்காம். அதைத் திருத்தி அனுப்பலாமா, அனுப்பினா சிரிப்பாங்களா என்பதுதான் அவளோட கேள்வி. எனக்கு பதில் தெரியலை. தேடித் தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல, கமென்ட்னா என்ன?

இன்ஸ்டா கமென்ட் இல்லை மக்களே! புரோகிராமுக்குள் மனிதர்கள் மனிதர்களுக்காக எழுதிவைக்கும் குறிப்பு. கெர்னல் எழுதப்படும் 'சி' மொழியில் /* என்று தொடங்கி */ என்று முடியும். நடுவில் என்ன எழுதினாலும் கம்பைலர் அதைத் தூக்கிப் போட்டுவிடும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த வரிகளே கிடையாது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஆரம்பித்த லினக்ஸ் கெர்னல், இன்னிக்கு 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. நீங்க இதை ஆண்ட்ராய்டு போனில் படிக்கிறீங்கன்னா, அந்த போனின் அடித்தளமும் இதே கெர்னல்தான். இந்தப் பக்கம் உங்க போனுக்கு வந்து சேர்ந்தப்ப, அந்த டேட்டாவை வாங்கி, சரிபார்த்து, பிரவுசரிடம் கொடுத்த வேலையைச் செய்தது கெர்னலில் 'நெட்' என்ற ஃபோல்டரில் இருக்கும் கோடு. அந்த ஃபோல்டர் முழுக்க பல நாட்டு ஆட்கள் பல வருஷமா எழுதின கமென்ட்கள்.

சரி, ஓடவே ஓடாத வரியில் தப்பு இருந்தா என்ன குடி முழுகிடும்?

சீட்டு மாறின டிரம்

இந்தக் கேள்விக்கு சித்தப்பா ஒரு கதை சொன்னார். ஒருமுறை யூனிட்டில் கிளேஸ் கலவையை மாத்தியிருக்காங்க. பீங்கானுக்கு மேலே பளபளன்னு கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு வரும் இல்லையா, அதற்கான கலவை. பழைய டிரம்மிலேயே புதுக் கலவையை ஊத்தினவங்க, டிரம்மில் ஒட்டியிருந்த சீட்டை மாத்தலை. ராத்திரி ஷிஃப்டுக்கு வந்தவர் சீட்டைப் படிச்சுட்டு, பழைய கலவைக்கான சூட்டில் சூளையை ஓட்டிட்டார். மறுநாள் கதவைத் திறந்தா, ஒரு லோடு ஃப்யூஸ் கேரியரும் கொப்புளம் கொப்புளமா நின்னுருக்கு.

"டிரம்முல இருந்தது தப்பில்லம்மா. சீட்டுலதான் தப்பு. ஆனா சூளைக்கு அது தெரியுமா?" என்றார்.

கோடிலும் இதேதான் நடக்குது. உதாரணத்துக்கு ரெண்டு விஷயம் பார்ப்போம்.

கெர்னல் நேரத்தை 'ஜிஃபி' என்ற சொந்த அலகில் எண்ணும். ஒரு நொடியில் 250 முறை துடிக்கும்படி அமைத்த கெர்னலில், ஒரு ஜிஃபி என்பது 4 மில்லி செகண்ட். இப்போ ஒரு இடத்தில் கோடு ஜிஃபியில் எண்ணுது, ஆனா பக்கத்து கமென்ட் 'மில்லி செகண்டில்' என்று சொல்லுதுன்னு வைங்க. அதை நம்பி ஒருத்தர் 200 என்று எழுதினால், 200 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டிய இடத்தில் 800 மில்லி செகண்ட் காத்திருக்கும். கம்பைலர் எந்த எச்சரிக்கையும் தராது. அதுக்கு எல்லாமே வெறும் எண்தான்.

அடுத்தது, பூட்டு. ஒரே தகவலை ரெண்டு பேர் ஒரே நேரத்தில் மாத்தாமல் இருக்க, கெர்னலில் 'லாக்' போடுவாங்க. 'இதைக் கூப்பிடும் முன் நீங்களே லாக் போட்டுடுங்க' என்று ஒரு ஃபங்ஷன் மேலே கமென்ட் இருக்கு. பின்னாடி யாரோ அந்த ஃபங்ஷனே உள்ளே லாக் போடும்படி மாத்திட்டாங்க, கமென்ட்டைத் தொடலை. இப்போ கமென்ட் சொன்னபடி நடப்பவர் வெளியே லாக் போட்டு உள்ளே போக, உள்ளே அதே லாக்குக்காகக் கோடு காத்துக்கிட்டே நிற்கும். சிஸ்டம் உறைஞ்சு போயிடும். தப்பு செய்தவர் விதியை மீறினவர் இல்லை. எழுதினதை நம்பினவர்.

விளக்கம் இல்லாத ஒரு வரி

நிஜத்தில் நடந்ததும் இருக்கு. 2006-ல் டெபியன் லினக்ஸில், 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்ற பாதுகாப்பு மென்பொருளில் சில வரிகளைச் செயலிழக்க வைத்தார்கள். சோதனைக் கருவி அந்த வரிகளைப் பற்றி எச்சரிக்கை கொடுத்துக்கிட்டே இருந்ததுதான் காரணம். அதில் ஒரு வரிதான், ரகசியச் சாவி உருவாக்கத் தேவையான 'கணிக்க முடியாத தன்மை'யைக் கலந்துகொண்டிருந்தது. அந்த வரி எதற்கு அவசியம் என்று பக்கத்தில் எந்தக் குறிப்பும் இல்லை.

விளைவு? கணக்கில்லாத வகைகளில் உருவாக வேண்டிய சாவிகள், ஒரு வகை கம்ப்யூட்டரில் சுமார் 32,768 வகைக்குள் சுருங்கிப்போயின. தாக்குபவர் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடலாம். இது 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. உலகம் முழுக்க சர்வர்களில் சாவிகளை மாற்ற வேண்டியிருந்தது. 'இதை எடுத்துவிடாதீர்கள், காரணம் இது' என்று ஒரு வரி கமென்ட் இருந்திருந்தால், எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வாய்ப்பு உண்டு.

பெரிய ஜாம்பவான்களும் இதில் சறுக்கியிருக்காங்க. 1975-ல் வெளிவந்த யூனிக்ஸ் 6-ம் பதிப்பில், ஒரு சிக்கலான இடத்தின் மேல், 'இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை' என்ற அர்த்தத்தில் ஒரு கமென்ட் உண்டு. கம்ப்யூட்டர் உலகின் மிகப் பிரபலமான கமென்ட் அதுவாகத்தான் இருக்கும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில், உண்மையில் அந்த இடம் தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

எதைத் திருத்தலாம்... எதைத் தொடக் கூடாது?

எழுத்துப்பிழை என்றதும் எல்லாவற்றையும் திருத்தக் கிளம்பிட முடியாது. யூனிக்ஸில் ஃபைல் உருவாக்கும் கட்டளை 'கிரியேட்'. அந்தச் சொல்லின் கடைசி 'ஈ' எழுத்தை விட்டுவிட்டுத்தான் பெயர் வைத்தார்கள். மறுபடி யூனிக்ஸை எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றார் கென் தாம்ப்சன். இன்னிக்கு வரைக்கும் சேர்க்க முடியலை.

இணையத்திலும் இதேபோல ஒன்று உண்டு. நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்தீர்கள் என்று பிரவுசர் சொல்லும் தகவலின் பெயர் 'ரெஃபரர்'. அதில் ஓர் 'ஆர்' குறைவு. 1996-ல் வெளியான எச்டிடிபி ஆவணத்திலேயே அந்தப் பிழை அச்சாகிவிட்டது. அதற்குள் உலகம் முழுக்க அதே பிழையோடு புரோகிராம்கள் எழுதப்பட்டுவிட்டதால், இப்போ பிழைதான் சரி!

வித்தியாசம் இதுதான். பெயர் என்பது மற்ற புரோகிராம்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கைப்பிடி. அதை மாற்றினால் அவை உடையும். கமென்ட்டை எந்தப் புரோகிராமும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதனால் அதைத் திருத்துவதில் எதுவும் உடையாது. உடையாததால்தான், புதுசா வர்றவங்களுக்கு அது நல்ல வாசல்.

கமென்ட் திருத்தத்தில் மூன்று படிகள் உண்டு:

1. எழுத்துப்பிழை: 'ரிசீவ்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஈ'யும் 'ஐ'யும் இடம் மாறுவது, ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வருவது. இதற்கென்றே அடிக்கடி வரும் பிழைகளின் பட்டியல் ஒன்று கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது.

2. விவரம் பொருந்தாதது: / என்று இரண்டு நட்சத்திரத்தோடு தொடங்கும் கமென்ட்கள் கொஞ்சம் ஸ்பெஷல். அதிலிருந்துதான் கெர்னலின் ஆவணப் பக்கங்கள் தானாக உருவாகின்றன. ஃபங்ஷனுக்கு என்னென்ன தகவல் கொடுக்க வேண்டும் என்று அதில் பெயர் பெயராக எழுதியிருக்கும். கோடில் ஒன்றை நீக்கிவிட்டு, இதில் நீக்க மறந்திருப்பார்கள். எச்சரிக்கைகளைக் கூட்டிவைத்து கம்பைல் செய்தால் இது சிக்கும்.

3. அர்த்தமே தப்பு: மேலே சொன்ன ஜிஃபி, லாக் வகை. எந்தக் கருவியும் இதைக் கண்டுபிடிக்காது. ஒரு மனிதர் கோடையும் கமென்ட்டையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும். மதிப்பும் இதற்குத்தான் அதிகம்.

சூரத்கல் பசங்க செய்த வேலை

'நம்ம ஊர்ல இதெல்லாம் யாருக்கா செய்றாங்க?' என்று தங்கச்சி கேட்டா. செய்றாங்க!

வீட்டில் ஒருத்தர் படம் டவுன்லோடு பண்ணும்போது உங்க வீடியோ கால் திக்கித் திணறும் இல்லையா? வழியில் உள்ள கருவிகளில் டேட்டா பாக்கெட்டுகள் நீளமான வரிசையில் தேங்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த வரிசை நீளாமல், பாக்கெட்டுகளை அளவாகக் கைவிட்டு ஒழுங்குபடுத்தும் 'பை' என்ற முறை 2014-ல் லினக்ஸுக்கு வந்தது. 2017-ல் ஆர்எஃப்சி 8033 என்ற ஆவணமாகவும் வெளியானது.

கர்நாடகாவின் சூரத்கல்லில் இருக்கும் தேசிய தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் மோஹித் தஹிலியானியும் மாணவர்களும் இதன் அடுத்த கட்டமான 'எஃப்கியூ-பை'யை லினக்ஸுக்காக எழுதினார்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி வரிசை கொடுத்து, ஒன்று மற்றொன்றை நசுக்காமல் பார்த்துக்கொள்ளும் முறை அது. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 பதிப்பில் அது இடம்பெற்றது.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. புது வசதியை மட்டும் அவர்கள் அனுப்பவில்லை. அதற்கு முன், பழைய 'பை' கோடில் இருந்த கமென்ட்களைச் சீர்செய்வதற்கென்றே தனித் திருத்தங்களைத் தொடரின் பகுதியாக அனுப்பினார்கள். கமென்ட்டைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கோடு வரிவரியாகப் புரிந்திருக்க வேண்டும். பழைய வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் புது அறை கட்டினார்கள்.

டி-ஷர்ட்டுக்காகத் திருத்தினால்?

இதே விஷயத்துக்கு ஒரு கெட்ட முகமும் இருக்கு. 2020 அக்டோபரில் நடந்த 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்'டில், நான்கு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் இலவசம் என்றார்கள். அடுத்தவர் புராஜெக்ட்டின் குறிப்புப் பக்கத்தில் அர்த்தமில்லாத ஒரு சொல்லைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பிக் குவித்தார்கள். சம்பளம் இல்லாமல் புராஜெக்ட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் நொந்துபோனார்கள். கடைசியில், விருப்பம் தெரிவிக்கும் புராஜெக்ட்டுகள் மட்டுமே பங்கேற்கும் என்று விதியை மாற்ற வேண்டிவந்தது.

ரெஸ்யூமில் ஒரு வரி சேர்க்க அனுப்பும் திருத்தத்தைப் படிக்கவும் ஒருத்தர் தன் நேரத்தைக் கொடுக்கணும். லினக்ஸ் நெட்வொர்க் பகுதிக்கு டேவிட் மில்லர், எரிக் டுமாசெட், யாக்குப் கிசின்ஸ்கி, பாவ்லோ அபேனி என்று பொறுப்பாளர்கள் சிலர்தான். வந்து குவியும் திருத்தங்களோ ஏராளம். அதனால்தான் அவர்களின் வழிகாட்டியில், வேறு வேலை எதுவும் இல்லாமல் வெறுமனே கோடை 'அழகுபடுத்தும்' திருத்தங்களை ஊக்குவிப்பதில்லை என்று எழுதியிருக்கிறது. ஆனால், அதே வழிகாட்டி எழுத்துப்பிழை, இலக்கணப் பிழைத் திருத்தங்களுக்கு அந்தத் தடை இல்லை என்றும் தனியாகச் சொல்கிறது.

இதைக் காட்டினதும்தான் தங்கச்சி முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

எப்படி அனுப்புவது?

இங்கே கிட்ஹப் பட்டன் எல்லாம் கிடையாது. எல்லாம் ஈமெயில்தான்!

* புதுசு புதுசா வசதிகள் சேரும் 'நெட்-நெக்ஸ்ட்' என்ற பிரதியை எடுத்துக்கோங்க. அவசரப் பிழைகளுக்கான 'நெட்' பிரதி வேறு. கமென்ட் எழுத்துப்பிழை அவசரம் இல்லை. உங்க கையில் இருப்பது பழைய பதிப்பா இருந்தா, வேறு யாரோ ஏற்கெனவே திருத்தியிருக்கலாம்.

* ஒரு திருத்தத்தில் ஒரு விஷயம் மட்டும். கமென்ட்டைத் திருத்தும்போதே பக்கத்துக் கோடையும் 'லைட்டா' மாத்திடலாம்னு கை அரிக்கும். கூடாது.

* என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்க. எந்தப் பழைய மாற்றத்தில் கோடும் கமென்ட்டும் பிரிந்தன என்று 'கிட்' வரலாற்றில் தேடிக் குறிப்பிட்டால், படிப்பவருக்கு வேலை பாதி மிச்சம்.

* கடைசியில் உங்க பெயரும் ஈமெயில் முகவரியும் போட்டுக் கையெழுத்து வரி. 'இது என் வேலை, இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கு' என்ற உறுதிமொழி அது. 2004-லிருந்து இந்த வழக்கம். முகவரி தெரியாத அனாமத்துப் பெயருக்கு இடமில்லை. இது எல்லாரும் பார்க்கும்படி நிரந்தரமாக இருக்கும் என்பதால், வெளியே தெரிந்தால் பரவாயில்லை என்கிற ஈமெயிலைப் பயன்படுத்துங்க.

* அனுப்பும் முன் 'செக்பேட்ச்' கருவியில் ஓட்டிப் பாருங்க. யாருக்கு அனுப்பணும் என்று சொல்ல 'கெட் மெயின்டெய்னர்' என்ற கருவி இருக்கு.

* பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து ஒட்டி அனுப்பாதீங்க. அது டேப் இடைவெளிகளை மாற்றிவிடும், திருத்தம் பொருந்தாமல் போயிடும். 'கிட் சென்ட்-இமெயில்' கட்டளைதான் பாதுகாப்பு.

* புதுப் பதிப்புக்காக மாற்றங்களைச் சேர்க்கும் சுமார் இரண்டு வாரங்களில் 'நெட்-நெக்ஸ்ட்' கதவு மூடியிருக்கும். அப்போ அனுப்பாதீங்க.

* 'இதை மாத்து' என்று பதில் வந்தால் பதறாதீங்க. அவர்கள் ஸ்டைலே ரத்தினச் சுருக்கம். திருத்தி, இரண்டாம் பதிப்பு என்று குறிப்பிட்டு, குறைந்தது 24 மணி நேரம் கழித்து அனுப்புங்க.

தனியாகச் செய்யத் தயக்கமா? பக்கத்திலேயே விழுப்புரத்தில், கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித்தரும் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழு உண்டு. தமிழிலேயே படிக்க, 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழ் இருக்கிறது.

'என் இங்கிலீஷே தப்பு... நான் எப்படித் திருத்துறது?'

உண்மையில் தங்கச்சியின் பயம் இதுதான். பத்தாவது வரை தமிழ் மீடியம். டிப்ளமோவில் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துத் திணறினவள். 'உலகமே படிக்கிற இடத்துல நான் போய் இங்கிலீஷ் திருத்துறதா?' என்கிற கூச்சம்.

எனக்கு அந்தக் கூச்சம் நல்லாவே தெரியும். டிப்ளமோ முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசில், சீனியர் எழுதின கட்டுரையில் ஊர்ப் பெயர் தப்பா இருந்ததைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அது அப்படியே வெளியாச்சு. அந்த ஊர்க்காரர் ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டப்ப, தெரிஞ்சும் சொல்லாதது என்று ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

லினக்ஸ் கெர்னலில் எழுதுகிற பலருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. அங்கே உள்ள பிழைகளே அதற்குச் சாட்சி. அதோடு, அவள் கண்டுபிடித்தது இங்கிலீஷ் பிழையே இல்லை. ஒரு ஃபங்ஷனிலிருந்து ஒரு தகவலை எப்போதோ நீக்கிட்டாங்க. மேலே இருக்கும் கமென்ட் இன்னும் அதை விளக்கிக்கிட்டிருக்கு. டிரம் மாறிடுச்சு, சீட்டு மாறலை. அதைக் கண்டுபிடிக்க இலக்கணம் தேவைப்படலை. பொறுமையாப் படிச்சதுதான் தேவைப்பட்டிருக்கு.

அன்னிக்கு ராத்திரி இரண்டு வரி விளக்கத்தை அஞ்சு முறை எழுதினோம். கையெழுத்து வரியில் முதலில் பெயரை மட்டும் அடித்தவள், அழிச்சுட்டு அப்பா இனிஷியலோடு திரும்ப அடிச்சா. சித்தப்பா எட்டிப் பார்த்து, "இது என்னம்மா, எவ்ளோ நாளைக்கு இருக்கும்?" என்றார்.

"அழியாதுப்பா. யார் எந்த வரியை மாத்தினாங்கன்னு எப்பவுமே இருக்கும்."

அவர் கையால் சுட்டு அனுப்பிய ஃப்யூஸ் கேரியர்கள் எந்தெந்த வீட்டுச் சுவரில் இருக்கோ தெரியாது. எதிலும் அவர் பெயர் இருக்காது. "அப்போ தப்பில்லாம அனுப்பு" என்று மட்டும் சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டார்.

தங்கச்சி கோடை இன்னொரு முறை முதலிலிருந்து படிச்சா. அப்புறம்தான் அனுப்பினா. இதை எழுதி முடிக்கும் வரை பதில் வரலை. வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த ஃபைலைத் திறந்துட்டா.